வலக்கதவில் ஒரு வெள்ளைக் கையுறை

1996இல் கணவருக்கு ஜப்பானில் பயிற்சி. நானும் கூடப் போனேன். ஓய்வு நாளொன்றில் கியோட்டோவைச் சுற்றிப் பார்க்கச் சாரதியோடு கார் பிடித்தோம். எங்கே போவது, எவ்வளவு நேரம் நிற்பது எல்லாம் எங்கள் விருப்பம். ஒரே நாளுக்குப் பதினொரு இடம் எழுதிக் கொடுத்தேன். வெள்ளைக் கையுறை அணிந்த சாரதி முகம் சுளிக்காமல் தலை வணங்கினார்.

மூன்றாவது கோயிலில் கார் நின்றதும், ரொறன்ரோவில் நாங்கள் வசிக்கும் டோர்செட் பார்க்கில் இறங்கும் அதே அவசரத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்தேன். ஜப்பானில் வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுபவை. யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான், எட்டு வருடக் கனடா அதை மறக்கடித்திருந்தது. காலை வெளியே வைக்குமுன் ஒரு லொறி கதவை உரசுவதுபோல் கடந்து போனது.

"உந்தப் பக்கத்தாலை இறங்காதையும் எண்டு சொன்னனான் எல்லே," என்று கணவர் ஏசினார்.

சாரதி ஏசவில்லை. தன் கையுறை ஒன்றைக் கழற்றி, அந்தக் கதவின் உள்கைப்பிடியில் கட்டினார். பிறகு சுற்றிவந்து மற்றக் கதவைத் திறந்து பிடித்தார். மாலைவரை ஒரு கையில் கையுறை இல்லாமலே ஓட்டினார்.

ரொறன்ரோவில் ஆபத்தான கதவு இடப்பக்கம். எங்கள் காரில் அதன் கைப்பிடியில், சோடி தொலைந்த குளிர்காலக் கையுறை ஒன்று இப்போது தொங்குகிறது. ஏறுகிறவர்கள் ஏனென்று கேட்கிறார்கள். கேட்கட்டும் என்றுதான் கட்டினேன்.