சித்தி போட்ட கோலம்

எங்கள் சித்தப்பா சண்டை விமானம் ஓட்டினார். லீவில் மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாயால் மட்டும் கதை சொல்ல அவருக்கு வராது, இரண்டு கையும் வேண்டும். ஒரு கை எதிரி, இன்னொரு கை அவர். சாப்பாட்டு நடுவில் எதிரியைத் துரத்திக்கொண்டு போய் ரசத்தைக் கவிழ்த்ததும் உண்டு. அம்மா கோபித்துக்கொள்வாள். சித்தி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

யுத்தத்தில் அவருடைய விமானம் எல்லைக்கு அந்தப் பக்கம் விழுந்தது. கூடப் பறந்த நண்பர் எங்கள் ஹாலில் உட்கார்ந்து, அது தீப்பற்றி விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அவரும் கைகளால்தான் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டுவிட்டார்.

உடல் வரவில்லை. சித்தி எங்களோடேயே இருந்தாள், பாங்க் வேலைக்குப் போனாள், நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்த அப்பா, கடைசியில் சாஸ்திரிகளிடம் போனார். உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து, அதை எரித்துக் காரியத்தை முடிக்கலாம் என்றார் அவர். நாளும் குறித்தாயிற்று. அதற்குப் பிறகு சித்திக்குக் குங்குமம் கிடையாது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. காரியம் நடக்கிற வீட்டு வாசலில் கோலம் கூடாது என்பதையும்தான்.

அன்று விடிந்ததும் சித்தி என்னை எழுப்பிச் செம்மண் கரைக்கச் சொன்னாள். மாடிப்படி முடிகிற இடத்தில், எங்கள் வாசலை அடைத்துப் பெரிய கோலம் போட்டாள். அந்த மாடிப்படியெல்லாம் இப்போது இல்லை, கட்டடத்தையே இடித்து லிஃப்ட் வைத்துக் கட்டிவிட்டார்கள்.

"இன்னிக்கு என்ன பண்டிகை சித்தி?"

"எனக்குப் போடணும்போல இருக்கு. நீ பார்டரை நேரா இழு."

நாக்கைத் துருத்திக்கொண்டு இழுத்தேன். பெருமை தாங்கவில்லை.

சாஸ்திரிகள் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். கோலத்தைப் பார்த்ததும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். "செம்மண் நான் போட்டது மாமா!" என்றேன். அம்மா ஈரத்துணியோடு ஓடி வந்தாள்.

"தொடாதேங்கோ மன்னி" என்றாள் சித்தி. பிறகு அப்பாவைப் பார்த்தாள். "அண்ணா, அவரைப் புல்லுல பண்ணிக் கொளுத்தாதேங்கோ. ஒரு தடவை எரிஞ்சது போறும்."

அப்பா பெரிய கோபக்காரர். ஆனால் அன்று கோலத்தை மிதிக்காமல் ஓரமாக இறங்கி, சாஸ்திரிகளின் பையை வாங்கிக்கொண்டு, அவரைத் தெருமுனை வரை கொண்டுவிட்டு வந்தார்.

நான் எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். இவ்வளவு பெரிய கோலம் என்றால் யாரோ வருகிறார்கள். சாயங்காலம் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவில் வந்து நின்ற டாக்சியை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரைப் பார்த்துண்டிருக்கே?" என்றாள் சித்தி.

"சித்தப்பாவை."

அவள் இல்லையென்று சொல்லவில்லை. பக்கத்தில் வந்து நின்று, தெருவிளக்கு எரியும் வரை என்னோடு பார்த்தாள். சித்தியும் காத்திருக்கிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவர் வரமாட்டார் என்பது அந்த வீட்டில் எல்லோரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.