முழுப் புள்ளி வாங்கிய வீடு

நான் மொழிபெயர்ப்பாளன். காலையில் சுவிஸில் வில் என்ற நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. பிற்பகலில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சமூக உதவி அலுவலகம் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய், எங்கள் சனம் சொல்வதை ஜெர்மனில் சொல்வேன். கேட்டதை வெளியில் கதைப்பதில்லை என்று கையெழுத்து வைத்தவன். அதனால் இதில் பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். வீட்டை மாற்றவில்லை. அதைப் பற்றி மகன்காரனே கோயில், கொண்டாட்டம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டதால் மறைக்க ஒன்றும் மிச்சமில்லை.

கஜலக்சுமி அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் இருபத்தாறு வருடம் நின்றவர். கணவர் பத்மநாதன் அண்ணைக்கு எழுபத்திரண்டு. பால் தொழிற்சாலையில் தொட்டி கழுவியே ஓய்வு பெற்றார். வில்லிலிருந்து ஏழு கிலோமீற்றர் தள்ளி ஒரு கிராமத்தில், பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால், மூன்றாம் மாடியில் இரண்டரை அறை வீடு. லிப்ட் இல்லை. நாற்பத்தொரு படி. அங்கேதான் இருபத்தெட்டு வருடம் இருந்தார்கள்.

எதிர்க் கதவில் ஃப்ராவ் எக்லி, அதாவது திருமதி எக்லி, என்றொரு சுவிஸ் கிழவி. கட்டடத்துக்கே ஒரு சலவை அறை. ஆளுக்கொரு நாள் என்று முறை. அக்காவின் நாளில் ஃப்ராவ் எக்லி உடுப்புக் காயப் போடுவார். ஃப்ராவ் எக்லியின் நாளில் அக்கா மெஷின் வடிகட்டியைத் துடைக்காமல் விட்டதாகக் குற்றச்சாட்டு வரும். இருபத்தெட்டு வருடமும் இரண்டு பேரும் ஓயவில்லை. அக்கா ஜெர்மன் படித்ததே அந்தச் சண்டையில்தான். மொழி வகுப்புக்கு அனுப்பிய கிராம சபைக்கு இது தெரியாது.

பிறகு மகன் கோபிசன் வீடு கட்டினான். அதே கிராமத்தின் மேட்டில், பஸ் ஏறாத இடத்தில், எட்டறை வீடு. மேலே வெள்ளைக் கல் பதித்த குசினி. அதில் கறி காய்ச்சக் கூடாது, மணம் சோபாவில் ஏறும். அது கேக் அடுக்கிப் படம் எடுப்பதற்கான குசினி. கறிக்கென்று நிலக்கீழ் தளத்தில் இன்னொரு குசினி இருக்கிறது. சமைக்கிறவர் அம்மா. ஆகவே அம்மாவுக்கு வசதியாக, கறிக் குசினிக்குப் பக்கத்து அறையையே அம்மா அப்பாவுக்கு ஒதுக்கினார்கள். வரைபடத்தில் அது பொழுதுபோக்கு அறை. பிங்பொங் விளையாடவோ, தேவையில்லாத சாமான் வைக்கவோ என்று கட்டுவது. ஜன்னல் புல்லின் உயரத்தில் ஒரு முழம். காலை பத்து மணிக்குத் தானாகப் புல் வெட்டும் மெஷின் அந்த ஜன்னலை உரசிக்கொண்டு போகும். அதுதான் அங்கே தவறாமல் வரும் விருந்தாளி.

ஒன்றரை வருடத்தில் அக்கா பதினோரு கிலோ மெலிந்தார். நித்திரை இல்லை. உப்புப் போட்டதா இல்லையா என்று தெரியாமல் கறிச்சட்டிக்கு முன்னால் அழுதுகொண்டு நின்றார். பெரிய வீட்டுக்குக் கண்ணூறு பட்டுவிட்டது என்று மருமகள் ஹரிஷா முடிவு செய்தாள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மிக மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார், உரக்குழி எந்தப் பக்கம் இருக்கிறது என்று வரைபடமும் போட்டு. அதற்குப் பிறகுதான் டொக்டரிடம் போனார்கள்.

முதியோர் மனநலப் பிரிவில் நான் போய் நின்றபோது கோபிசன் என்னைக் கண்டு முகம் சுளித்தான். தனக்கு ஜெர்மன் வரும், மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்றான். டொக்டர் பெண்மணி, மகன் வேறு மொழிபெயர்ப்பாளர் வேறு என்று சொல்லிவிட்டார். அவன் கார் நிறுத்தச் சீட்டு எடுக்கப் போன நேரம் அக்கா என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"தம்பி, என்ர பையுக்குள்ள ஒரு வீட்டு விண்ணப்பப் பேப்பர் கிடக்கு. பழைய கட்டடத்தில ரெண்டாம் மாடி காலியாகுதாம். அந்த மனுசி தானே எழுதி அனுப்பியிருக்கு. கையெழுத்து மட்டும்தான் வேணும். வெள்ளிக்கிழமைக்கு முதல் குடுக்கவேணும்."

"எந்த மனுசி அக்கா?"

"ஃப்ராவ் எக்லிதான். வேற ஆர் எனக்கு எழுதப் போகினம். உள்ளுக்க போனால் எனக்கு வாய் வராது. நீர் சொல்லிவிடுமன்."

சொல்லக் கூடாது. சொன்னதை மட்டும் மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. அதையே அவரிடம் சொன்னேன். அந்த நிமிடம் என் வேலையை எனக்குப் பிடிக்கவில்லை.

டொக்டரிடம் வீட்டு நிலைமை பற்றிப் பதினொரு கேள்வி கொண்ட ஒரு படிவம் இருந்தது. கேள்விக்கு இரண்டு புள்ளி. ஈரம் உண்டா, வெளிச்சம் போதுமா, படிகள் எத்தனை, சத்தம் எப்படி என்று கேட்கக் கேட்க, நான் தமிழில் முடிக்குமுன் கோபிசன் ஜெர்மனில் முடித்தான். நிலத்துக்குள்ளேயே சூடாக்கி. காற்றை வடிகட்டி அனுப்பும் குழாய். படியே இல்லை, காரிலிருந்து இறங்கினால் கட்டில். சத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வீடு இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு வாங்கியது. அவன் பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் வாங்காத புள்ளி.

"உங்களைப் பார்க்க யார் வருவார்கள்?" என்று டொக்டர் அக்காவை நேராகக் கேட்டார்.

"எல்லாரும் வருவினம். ஒரு குறையும் இல்லை, டொக்டர்" என்றார் அக்கா. கை மட்டும் பையை இறுக்கிப் பிடித்திருந்தது. மொழிபெயர்த்தேன்.

படிவத்தில் இல்லாத கடைசிக் கேள்வி, கூட இருப்பவருக்கானது. வீட்டில் விட்டுவிட்டு வந்தால் தனியாக இருப்பார் என்று கூட்டி வந்த பத்மநாதன் அண்ணை, அதுவரை சுவரில் இருந்த மலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டில் எந்த இடத்தில் இருந்தால் உங்களுக்கு நிம்மதி?"

"காருக்குள்ள" என்றார் அண்ணை.

"காரில் எங்கே போவீர்கள்?"

"ஒரிடமும் போறேல்லை. கராஜுக்குள்ள நிக்கும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போய் இருப்பன். சாப்பாட்டுக்கு வருவன். பிறகும் போய் இருப்பன்."

"அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கார் என்றால் உயிர்" என்று கோபிசன் ஜெர்மனில் சொல்லிச் சிரித்தான். அண்ணை முதல் கார் வாங்கியபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது.

"ஏன் காருக்குள்?"

அண்ணை யோசித்தார். "அது என்ரை. மற்றதெல்லாம் பிள்ளையின்ரை. மேல போறதெண்டால் கதவைத் தட்டவேணும்."

அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றரை வருடம் ஒரே அறையில் படுத்தும் அவருக்கு இது தெரியாது. கார் துடைக்கிறார் என்றுதான் நினைத்திருந்தார்.

"டொக்டர், இவருக்கு அங்க சரிவராது" என்றார். குரல் தெளிவாக வந்தது. "இவரைப் பழைய கட்டடத்துக்கு அனுப்பினால் நல்லது. தனிய இருக்கத் தெரியாத மனுசன். நானும் கூடப் போகத்தான் வேணும்."

பையிலிருந்து பேப்பரை எடுத்து மேசையில் வைத்தார். தனக்கென்று கேட்க வாய் வராதவர் கணவருக்கென்று கேட்டார். எங்கள் பெண்கள் தங்களுக்கு வேண்டியதை இப்படித்தான் கேட்பார்கள், எனக்கு அதில் கோபமும் உண்டு.

கோபிசன் தமிழுக்கு மாறினான். "என்னம்மா கதைக்கிறியள். இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிப்போட்டு தாய் தேப்பனை வாடகை வீட்டில விட்டிட்டான் எண்டு சனம் என்ன சொல்லும்?"

மொழிபெயர்த்தேன்.

"அதை ஏனண்ணை சொல்லுறீங்கள்?" என்று கோபிசன் என் பக்கம் திரும்பினான்.

அதையும் மொழிபெயர்த்தேன். டொக்டர் படிவத்தை நிமிர்த்திப் பிடித்தார். "இந்தச் சனம் உங்கள் வீட்டில்தான் இருக்கிறார்களா? அப்படியானால் இதில் பதியவேண்டும்." கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். இல்லை என்றான் கோபிசன்.

பழைய கட்டடத்துக்கும் அவர் புள்ளி போட்டுப் பார்த்தார். லிப்ட் இல்லை, ரோட்டுச் சத்தம், பழைய ஜன்னல். ஒன்பது வந்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தவர், பேனாவை அக்காவிடம் நீட்டினார். அண்ணை முந்திக்கொண்டு வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

சனம் என்ன சொன்னது என்று கேட்பீர்கள். ஒன்றும் சொல்லவில்லை, கோபிசன் சொல்ல விடவில்லை. "அம்மா அப்பாக்கு பஸ்ஸுக்குக் கிட்டவா ஒரு வீடு எடுத்துக் குடுத்திருக்கிறம்" என்று கோயிலில் சொல்லித் திரிந்தான். இப்போது அவனுக்கு இரண்டு வீடு.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மத்தியானம் அக்கா பழைய கட்டடத்துக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். முகத்தில் சதை பிடித்திருந்தது. சலவை அறையைப் பற்றிய புதுச் சண்டையை இருபது நிமிடம் சொன்னார். அண்ணை பால்கனியில் நின்று பஸ்ஸில் இறங்குகிறவர்களுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார்.

சோபாவில் யாரோ போர்வையால் மூடிப் படுத்திருந்தார்கள். பார்த்தால் கோபிசன்.

"ஒவ்வொரு ஞாயிறும் வாறான், தம்பி" என்று அக்கா குரலைத் தாழ்த்தினார். "சாப்பிட்டிட்டு உப்பிடியே விழுந்து படுத்திடுவான். நாலு மணித்தியாலம். அங்க நித்திரை வாறேல்லையாம்."

சோற்றுக்கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"அந்த டொக்டரின்ர நம்பர் உம்மட்டை இருக்கோ?"