பட்டு நூலில் கட்டிய ஒயர்

போன ஆடி மாதம், ஆரணியில் எங்கள் வீட்டு வாசலில் தொடங்கியது இது. நான் பட்டு நெசவாளி. என் மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரா வாரம் வேலூரில் டயாலிசிஸ். தறி, வேலூர், மறுபடி தறி என்று ஓடி ஓடி நான் ஓய்ந்தே போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் பழைய வேனும் மக்கர் செய்தது.

சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது, வண்டியை ரெண்டு மூணு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்றார் மெக்கானிக். மறுநாளே டயாலிசிஸ். வேறு வழியில்லாமல் சென்சாரை வாங்கிவந்து, செல்போனில் வீடியோ பார்த்தபடி நானே வண்டிக்கடியில் படுத்தேன். பழையது துருப்பிடித்து அசையவே மறுத்தது. கை மரத்து, கண்ணில் துரு விழுந்து, எப்படியோ கழற்றிப் புதியதை மாட்டினேன். சென்சாரின் ஒயர் சூடான குழாயில் படாமல் பிடித்துக்கொள்ளும் கிளிப் மட்டும் உடைந்துவிட்டது. மறுபடி கடைக்கு நடக்கத் தெம்பில்லை. எங்கள் வீட்டில் எது அறுந்தாலும் கை தானாக நூலுக்குத்தான் போகும். தறியில் மிஞ்சிய பட்டு நூலை முறுக்கி ஒயரை இறுக்கிக் கட்டினேன். பட்டு அவ்வளவு லேசில் அறாது என்ற தைரியம்.

மறுநாள் காலை கண்ணமங்கலம் தாண்டியதும், பின்சீட்டில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"பட்டு கருகுற வாசன வருதுங்க."

"முடியாத உடம்பு, அப்பிடித்தான் தோணும். படு" என்றேன். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை.

"நிறுத்துங்க. அசல் பட்டான்னு நூலக் கொளுத்திப் பாக்குற வூட்ல பொறந்தவ நான். எனக்குத் தெரியாதா?"

எரிச்சலோடு ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தேன். உயிரே போய்விட்டது. நூல் கருகி அறுந்து, ஒயர் கொதிக்கும் குழாய்மேல் கிடந்து உருகிப் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே பெட்ரோல் குழாய். அவளை இறக்கித் தள்ளி நிற்கவைத்துவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றினேன். நல்லவேளை, புகை அடங்கியது.

வேனை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினோம். அவள் என்னைத் திட்டவில்லை.

"கொஞ்சம் தூங்குங்க. வேலூர் வந்தா எழுப்புறேன். நான் முழிச்சிகினுதான் இருக்கேன்" என்றாள்.

அவள் தோளிலேயே சாய்ந்து தூங்கிவிட்டேன். இன்றும் அந்த அலுப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் எங்கள் இருவரில் யார் யாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம் என்பது அன்றிலிருந்து எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை.