பச்சை பூசிய மீட்டியோர்

என் தாய்மாமனுக்குக் கிடைக்கவிருந்த வேலையைக் கெடுத்தவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது, இப்போது எழுபத்தைந்து.

மலாயாவில் பகாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். எங்கள் வீட்டிலேயே தங்கி மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த மாமாவுக்கு, என்ஜின் கொட்டகையில் ஃபிட்டராகிவிட வேண்டும் என்று ஆசை. அங்கிருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் போர்க்காலத்தில் ஜெட் விமானங்களைப் பழுதுபார்த்தவர். கையால் ஏதாவது செய்துகொண்டு வா, பார்க்கலாம் என்று அவர் சொல்லிவிட, அவருடைய பழைய பத்திரிகையில் இருந்த படத்தைப் பார்த்து மாமா மீட்டியோர் என்ற விமானத்தை மரத்தில் செதுக்கினார். பிரிட்டன் போருக்கு அனுப்பிய முதல் ஜெட் அது. அசலைத் துண்டு துண்டாகச் செய்துதான் பூட்டுவார்களாம். மாமாவும் மூக்கு, நடுவுடல், வால் என்று தனித்தனியே செய்து மர முளைகளால் இணைத்தார். ஓர் ஆணிகூடக் கிடையாது. மேலே பச்சையும் சாம்பலும் திட்டுத் திட்டாக, அடியில் வெளிர்சாம்பல், இறக்கையில் வட்டச் சின்னம். மேலிருந்து பார்ப்பவனுக்குத் தரையாகவும் கீழிருந்து பார்ப்பவனுக்கு மேகமாகவும் தெரியும் என்றார். மறுநாள் காட்ட வேண்டும், பெயிண்ட் காயும்வரை தொடாதே என்றும் சொன்னார்.

முன்னதைச் சோதிக்கும் ஆவலில் பின்னதை மறந்தேன். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து எடுத்துக்கொண்டு ஓடி, மேட்டில் நின்று வீசினேன். மூன்று மரம் தாண்டிப் பறந்து, மண் அரிக்காமலிருக்க நிரைகளுக்கிடையே வளர்த்திருந்த கொடிகளுக்குள் இறங்கியது. பொழுது சாயும்வரை தேடினேன். மாமா அவ்வளவு நன்றாக வண்ணம் பூசியிருந்தார்.

வீட்டில் அப்பா பெல்ட்டை உருவினார். சட்டென்று கைகளைக் காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, நான் பார்க்கவே இல்லை என்றேன். மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"விடுங்க மச்சான். அவன் தொட்டிருக்க மாட்டான்."

குழாயடிக்குப் போனால் அங்கே மண்ணெண்ணெயில் நனைத்த துணி ஒன்று கிடந்தது. என் நல்ல நேரம் என்று நினைத்து உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாமா வெறுங்கையோடு போனார். செய்த பொருளையே காப்பாற்றத் தெரியாதவனிடம் என்ஜினை எப்படி விடுவது என்று எஞ்சினியர் கேட்டாராம். வேலை வேறொருவருக்குப் போயிற்று. மாமா ஓய்வுபெறும்வரை பால்தான் வெட்டினார். நான் ஆசிரியராகி வேலைக்குப் புறப்பட்ட முதல் நாள் என்னைப் பஸ் ஏற்றிவிட்டவரும் அவர்தான். அன்றும் நான் வாய் திறக்கவில்லை.

சென்ற வருடம் சிரம்பான் நகரில் ஒரு கடையில் அதே விமானத்தைப் பிளாஸ்டிக் துண்டுகளாக விற்கக் கண்டு வாங்கினேன். ஒட்டி, அதே வண்ணங்களைப் பூசி, ரஹாங்கில் தன் மகள் வீட்டிலிருக்கும் மாமாவிடம் கொண்டுபோனேன். நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதன் அடிப்பக்கத்தைத் தடவினார்.

"வயிறு கொஞ்சம் கருத்துப்போச்சுலா," என்றார்.

பிறகு அதை மடியில் வைத்துவிட்டு, என் வலது கையை இழுத்து உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"அந்தத் துணியில எல்லாம் போயிருச்சா? வெரலு இடுக்குல ரொம்ப பச்ச இருந்துச்சு. ஒங்கப்பா பாத்துருவாரோன்னு பயந்துட்டேன்டா."