பானை ஓடு கழுவிய தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை பூனா கட்கியில் நம் தமிழர்கள் நடத்திய கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு – பழைய நாகரிகங்கள் ஏன் அழிந்தன? ஸ்லைடெல்லாம் போட்டுக் காட்டினேன். சுமேரியர்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிப் பாய்ச்சி மண்ணையே உப்பாக்கிக்கொண்ட கதைக்கு நல்ல வரவேற்பு. மழை பொய்த்து, தண்ணீர் வற்றி அழிந்த ஊர்களையும் சொன்னேன்.

முடிவில், புறநகர் நிக்டியிலிருந்து வந்திருந்த இளம் இன்ஜினியர் ஒருவர் எழுந்தார்.

"அவங்க என்ன மேடம், அவ்வளவு மக்குங்களா? தண்ணி குறையறது கண்ணுக்குத் தெரியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பதில் என்னிடம் இருந்தது. மேடையில் சொல்லக் கூச்சம். இங்கே சொல்லிவிடுகிறேன்... எழுதும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லையே.

எழுபதுகளின் தொடக்கம், கடும் வறட்சி. அப்போது நான் ஓர் அகழாய்வுக் குழுவில் கிளார்க். பூனாவிலிருந்து ஜீப்பில் பாதி நாள் போனால் வரும் ஒரு கிராமத்தில் கேம்ப். மண்ணுக்கடியில் மூவாயிரம் வருஷத்துப் பழைய ஊர். அடி அடுக்கில் பெரிய பெரிய வீடுகள், நிறைய தானியம். மேலே வர வர வீடுகள் சிறு குடிசைகளாயின. தானியம் குறைந்தது. அதற்கும் மேலே வெறும் மண். மழை பொய்த்து, மக்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்றார் எங்கள் தலைவர். அவர்கள் ஒன்றும் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. வெள்ளத்தைத் திருப்பித் தேக்க வாய்க்கால் வெட்டி, கரை கட்டியிருந்தார்கள்.

இதையெல்லாம் சுத்தமாக டைப் அடித்தது நான்தான். தோண்டியெடுத்த பானை ஓடுகளைக் கழுவி, எண் எழுதி, காயவைக்கும் பொறுப்பும் என்னுடையது.

கழுவத் தண்ணீர்? ஊர்க் கிணற்றிலிருந்துதான். விடியும் முன்பே எங்கள் மாட்டுவண்டி போய் இரண்டு பீப்பாய் நிரப்பிக்கொண்டு வரும். ஓடு பளிச்சென்று இருக்க வேண்டும் எனக்கு. ஒரு கூடைக்கு மூன்று தடவை தண்ணீர் மாற்றுவேன்.

குழியில் மண் சுமக்க வந்தவர்களில் தாராபாய் என்று ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். ஒருநாள் நான் தொட்டித் தண்ணீரைக் கவிழ்க்கப் போனபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"தாயீ," என்றாள். மராத்தியில் அக்கா. "இந்தச் சட்டியில யாரு சாப்பிடப் போறாங்க?"

சண்டைக்கு வந்தவள் குரல் இல்லை அது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"யாருமில்ல. பூனாவுல கொண்டுபோய் வைப்போம்," என்றேன்.

"அப்ப கீழ கொட்டாதீங்க. என் எருமைக்குக் கொடுங்க."

மறுநாள் கிணற்றுக்குப் போய்ப் பார்த்தேன். அதுவரை ஒரு தடவைகூடப் போனதில்லை. உள்ளே ஒரு பெண்ணைக் கயிறு கட்டி இறக்கியிருந்தார்கள். அவள் கிண்ணத்தால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மேலே வரிசையாகப் பெண்கள். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த வழியில் காலெடுத்து வைக்க எனக்குக் கூசியது.

அன்றைக்கே தலைவரிடம் சொன்னேன். "எனக்கே தோணியிருக்கணும்," என்றார். அதன்பிறகு ஓடுகளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டித் துடைத்தோம். கழுவியே தீர வேண்டியவற்றைச் சாக்கில் கட்டிப் பூனாவுக்கு அனுப்பினோம். கிணற்றுக்கு மாட்டுவண்டி போவது நின்றது. எங்கள் குடிநீர் தூரத்து ஊரிலிருந்து ஜீப்பில் வந்தது.

அவ்வளவுதான். அத்தனை சுலபம். முதல் நாளே செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை? தண்ணீர் குறைவது எனக்குத் தெரியாமலா இருந்தது? அதைப் பற்றி ரிப்போர்ட்டே அடித்துக்கொண்டிருந்தேனே! என் பீப்பாய் மட்டும் தினமும் நிரம்பி வந்தது. அதனால் எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு வாரத்தில் கிணறு அடியோடு வற்றியது. நாங்கள் கேம்ப்பைக் கலைத்தோம். தாராபாய் எருமையை விற்றுவிட்டு, அரசாங்கம் நடத்திய வறட்சி நிவாரண வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்ன வேலை என்கிறீர்கள்? ஓடைக்குக் குறுக்கே மண்கரை போடுவது.

கிளம்பும் அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். சாமான் ஏற்றும் சாக்கில் தள்ளிப்போட்டேன். அவள்தான் ஜீப் அருகே வந்தாள். என் ஃபிளாஸ்கை வாங்கி, தன் செம்பிலிருந்து தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றித் தந்தாள்.

"தூரம் போகணுமே, தாயீ."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். தாகமாக இருந்தது... வழியிலேயே குடித்துத் தீர்த்துவிட்டேன்.