கிழங்கை எடுத்தாச்சா?

சேலையூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், செப்டிக் டேங்க் மூடியை ஒட்டி ஒரு லில்லிப் புதர் இருக்கிறது. சோள இலையைவிட அகலமான, தடித்த இலைகள். நடுவிலிருந்து தண்டு கிளம்பி உச்சியில் வெள்ளைப் பூக்கள் கொத்தாக விரியும், இதழ்கள் விரல் விரலாக. நர்சரிக்காரர்கள் கிரைனம் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அதன் பெயர் செப்டிக் டேங்க் பூ. அதை யாரும் நட்டதாக நினைவில்லை, ஒரு குவளை தண்ணீர் ஊற்றியதும் இல்லை. ஐப்பசி மழையில் தெரு முழுக்க முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது அதுவும் நிற்கும். வடிந்த பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி பூக்கும்.

என் தங்கை இங்கே இருந்தவரை அதை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. புருஷனின் வேலைக்காகக் குளிர் தேசம் ஒன்றுக்குப் போன பிறகு, அங்கே ஒரு கடையில் காகிதப் பையில் போட்டு வைத்திருந்த கிழங்கையும் பையின் மேல் இருந்த பூப்படத்தையும் பார்த்து, கடையிலேயே அழுதுவிட்டாளாம். "அக்கா, நம்ம செப்டிக் டேங்க் பூ. காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கேன்" என்று வீடியோவில் காட்டினாள். பெரிய வெங்காயத்துக்குக் கழுத்து முளைத்த மாதிரி இருந்தது. அது ரோஸ் நிறத்தில் பூக்கும் வகை, நம்முடையதற்குத் தூரத்துச் சொந்தம்.

"இங்க வந்தா ஓசியிலயே அள்ளிக்கலாம்" என்றேன். வா என்று நேராகச் சொல்ல எனக்கு வராது. இப்படித்தான் சுற்றி வளைப்பேன்.

அப்பா கட்டிய வீடு. கீழ் போர்ஷன் எனக்கு, மேல் போர்ஷன் அவளுக்கு. "ரெண்டு வருஷம்தான்க்கா, வந்துடுவோம்" என்று மாடிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த ரெண்டு வருஷம் ஜவ்வு மாதிரி இழுத்துக்கொண்டே போயிற்று. நான் வெள்ளிக்கிழமைதோறும் மாடிக்குப் போய்ப் பெருக்கி, குழாயைத் திறந்து துருத் தண்ணீரை வெளியேற்றி, ஜன்னலைச் சாத்திவிட்டு வருவேன். கேம்ப் ரோடு புரோக்கர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பிடித்துக்கொள்வார். "மேடம், மேல சும்மா பூட்டிக்கினு கீது. நல்ல ஃபேமிலி ஒண்ணு கீது, படப்பை பக்கம் கம்பெனில வேலை. வாடகைக்கு வுட்டா இன்னா மேடம்?" என் தங்கை வரப்போகிறாள் என்பேன். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியாது. எனக்குக் கோபம்தான் வரும்.

முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் கலவரமாகக் கூப்பிட்டாள். "அக்கா, இங்க பனி வந்துடுச்சு. செடி என்னாகுமோ தெரியல."

எனக்குத் தெரிந்த பனி மார்கழிப் பனிதான். இருபது டிகிரிக்கே மங்கி குல்லா போட்டுக்கொண்டு பால் பாக்கெட் வாங்கப் போகிறவர் என் கணவர். அந்த அனுபவத்தில், "பழைய புடவை ஒண்ணப் போட்டு மூடு. காலைல வெயில் வந்ததும் எடுத்துடு" என்று அதிகாரமாகச் சொன்னேன்.

"அக்கா, இங்க வெயில் ஏப்ரல்லதான் வரும்" என்றாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் ஒரு பனியில் இருக்கிறாள், நான் ஒரு பனியில் இருக்கிறேன் என்று போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

அந்த வருஷம் செடியை அவசர அவசரமாகத் தோண்டி எடுத்தாள். இலைகளை வெட்டி, மண்ணை உதறி, கிழங்கைச் செய்தித்தாளில் சுற்றி, கார் நிறுத்தும் அறையின் அலமாரியில் வைத்தாள். குளிர் போனதும் திரும்ப நட்டாள். அதுவே வழக்கமாயிற்று. இங்கே மழை ஆரம்பித்ததும் நான் கேட்பேன்: "கிழங்கை எடுத்தாச்சா?" அவள், "எடுத்தாச்சுக்கா" என்பாள். "வாடகை வீட்டு மண்ணு. எப்ப கிளம்பினாலும் தூக்கிட்டு வந்துடலாம்" என்றும் ஒரு தடவை சொன்னாள். அந்தப் பதிலுக்காகத்தான் நான் கேட்டேன். கிழங்கு செய்தித்தாளில் சுருட்டிக் கிடக்கும் வரை அவளும் அங்கே வேர் விடவில்லை என்று எனக்குள் ஒரு நம்பிக்கை. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டுதான் மாடியைப் பெருக்கினேன்.

செடி மட்டும் பூக்கவே இல்லை. வருஷா வருஷம் இலை விட்டது, அவ்வளவுதான்.

போன ஐப்பசியில், குடியிருக்கும் வீட்டையே வாங்கலாமா என்று அவர்கள் யோசிப்பதாகச் சொன்னாள். நான் எங்கள் வீட்டு மோட்டார் ரிப்பேரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலிருந்தே கூப்பிட்டாள். ஒரு கையில் போன், ஒரு கையில் மண்வெட்டி.

"அக்கா, அந்தக் கடைக்காரம்மாகிட்ட கேட்டேன். வருஷா வருஷம் தோண்டினா இது பூக்கவே பூக்காதாம். ஒரே எடத்துல விட்டாதானாம். ஆழமா நட்டு, மேல கனமா சருகு போட்டு மூடிட்டா குளிரத் தாங்குமாம்." மண்வெட்டியைத் தூக்கிக் காட்டினாள். "எடுக்கட்டுமா, விடட்டுமா? நீ சொல்லு."

இங்கே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே தண்ணீரில் நிற்கும் எங்கள் புதர் தெரிந்தது. எடு என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் எடுத்துவிடுவாள். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை. இன்னும் பல வருஷம் பூக்காத கிழங்கைத் தோண்டிக்கொண்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டே இருப்பாள்.

"விட்டுடு" என்றேன். "சருகை மட்டும் கஞ்சத்தனமா போடாத."

அவள் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு, "சரிக்கா" என்றாள்.

அந்த மார்கழி முழுக்க விடியற்காலையில் பின்கட்டுக்குப் போய் நின்றேன். எங்கள் இலைகளில் பனி முத்து முத்தாக நிற்கும். அங்கே அது வெள்ளையாக மேலே படிந்திருக்கும், அடியில் கிழங்கு மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அது செத்துவிடக் கூடாதே என்று தவித்தேன். செத்தால் ஒருவேளை வந்துவிடுவாளோ என்றும் நினைத்தேன். இரண்டும் நிஜம்தான்.

ஆனி மாதத்தில் படம் அனுப்பினாள். ரோஸ் நிறத்தில் கொத்தாக, நன்றாகத்தான் இருந்தது. "வாசனை இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு. நம்ம பூ அளவுக்கு இல்ல" என்றாள். என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாள் என்று தெரியும். அந்த வாரம் புரோக்கரை நானே கூப்பிட்டேன். மாடியில் இப்போது ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்கள் வீட்டுத் துணிகள் கொடியில் ஆடுகின்றன.

இந்த ஐப்பசியிலும் மழை வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டதும், பழக்க தோஷம், அந்தக் கேள்வி வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "பனி வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லக்கா. வரும்."

வரும் என்று அவள் சொன்னது பனியைத்தான்.