ஒரு கொதி, அப்புறம் பெட்டி

குக்கர் விடாமல் விசிலடித்துக்கொண்டிருந்த ஒரு மதியத்தில்தான் மச்சானை எனக்கு உண்மையில் தெரியவந்தது. அதற்கு முன்பே ஒன்றரை வருஷம் ஒரே அறையில் படுத்து எழுந்திருந்தோம். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து பிரியும் தெருவில், மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறை அது. நான் முதல் ஷிஃப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால் வீட்டுக்கார அம்மா படிக்கட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். "இன்னாபா, மேல குக்கர் கத்திகினே கீது. கதவ தட்டுனா உன் கூட்டாளி தொறக்க மாட்றான்" என்றார். என் சாவியைப் போட்டுத் திறந்தேன். ரப்பர் தீய்ந்த நாற்றம் மூக்கில் அடித்தது. அன்றைக்கு லீவு போட்டிருந்த மச்சான் பாயில் மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. அவனுக்கும் அடுப்புக்கும் நடுவில் நாலடி கூட இருக்காது. குடித்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை இன்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"அடுப்ப அணைச்சிரு மாப்ள. எந்திரிக்க முடியல" என்றான்.

அவன் என்னை மாப்ளை என்பான், நான் அவனை மச்சான் என்பேன். உறவெல்லாம் கிடையாது. அவன் பரமக்குடிப் பக்கம், நான் இங்கேயே மணிமங்கலம். சொந்த ஊர் பஸ் தூரத்தில் இருந்தும் அண்ணன் குடும்பத்தோடு ஒத்துப்போகாமல் வாடகை அறைக்கு வந்தவன் நான். இருநூறு பேர் சேர்ந்த எங்கள் பேட்சில் இரண்டு பேர் ஏன் ஒரே அறைக்கு வந்து சேர்ந்தோம் என்பதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்குமே மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை. அவனுக்குச் சமைக்கத் தெரியும், எனக்குப் பாத்திரம் கழுவத் தெரியும், அவ்வளவுதான்.

அன்றைக்கு அவனைச் சுவரோடு சாய்த்து உட்கார வைக்க அரை மணி நேரம் பிடித்தது. அப்புறம் அவனே சொன்னான். முதுகெலும்பில் ஒரு மாதிரி வாதமாம். வயசானவர்களுக்கு வருவது இல்லையாம், இந்த வயசில்தான் ஆரம்பிக்குமாம், போகவே போகாதாம். காலையில்தான் மோசம். கம்பெனி பஸ் ஐந்தே காலுக்கு என்றால் இவன் நாலு மணிக்கே விழித்து, பாயில் கிடந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக உடம்பை இளக்குவானாம். பக்கத்துப் பாயில் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். வைட்டமின் டப்பா என்று நான் நினைத்தது வலி மாத்திரை. டாக்டர் ஒரு ஊசி சொல்லியிருக்கிறார். அது கைக்காசில் போட்டுக்கொள்ளும் ஊசி இல்லை. எங்கள் கம்பெனியில் பயிற்சித் தொழிலாளியாக மூன்று வருஷம் முடித்து நிரந்தரம் ஆனால் ஒரு இன்சூரன்ஸ் உண்டு. அதில் போட்டுக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. ஆனால் நோய் இருக்கிறது என்று தெரிந்தால் நிரந்தரம் பண்ண மாட்டார்கள். ஆக, வைத்தியம் பார்த்துக்கொள்வதற்காக நோயை மூடி வைத்திருந்தான். "ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் யாருட்டயும் சொல்லிறாத மாப்ள" என்றான். சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

குக்கர் அதோடு பரணுக்குப் போனது. விசிலை எண்ணிக்கொண்டு அடுப்புப் பக்கமே இருக்க வேண்டிய சமையல் இனிமேல் ஆகாது என்று மச்சான் முடிவு கட்டினான். அவனுடைய யோசனை எப்போதும் லைனில் வேலை செய்கிறவனின் யோசனைதான். எந்த வேலைக்கு நிற்க வேண்டும், எதை உட்கார்ந்து செய்யலாம், எது தானாக நடக்கும் என்று பிரித்துப் பார்ப்பான். கூட்டுரோட்டுக் காயலான் கடையில் கம்பெனிகள் கழித்துப்போடும் கறுப்பு ஃபோம் ஷீட்டுகள் மலையாகக் கிடக்கும். பொருள் அடிபடாமல் இருக்கப் பெட்டிக்குள் வைத்து வருகிறதே, அது. நாள் முழுக்க லைனில் பிரித்துப் போடுகிற அதே சனியனைக் காசு கொடுத்து வாங்குகிறாயா என்று கிண்டல் பண்ணினேன். அவன் காது கொடுக்கவில்லை. ஒரு தடித்த அட்டைப்பெட்டிக்குள் அதை நாலு அடுக்காக ஒட்டி, நடுவில் எங்கள் சட்டி மட்டும் கச்சிதமாக உட்காரும்படி வட்டமாக வெட்டினான். மேலே மூடவும் ஒரு ஃபோம் மெத்தை. அதன்மேல் மடித்த போர்வை. எங்கள் அடுப்படி அப்படித்தான் மாறியது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மாத்திரை வேலை செய்கிற நேரம். அப்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மறுநாளைக்கு வேண்டியதை எல்லாம் முடித்து வைப்பான். காயிலும் அவனுக்குத் தேர்வு உண்டு. பூசணி, சுரைக்காய், கத்திரிக்காய், முருங்கை என்று பெரிய துண்டாகப் போட்டாலே வெந்துவிடுகிற காய்கள்தான். பீன்ஸை உள்ளேயே விடமாட்டான். கடலையோ மொச்சையோ அப்போதே ஊறும். காலையில் குளிக்கப் போகும்போது சட்டியை அடுப்பில் ஏற்றுவான், வந்து பார்த்தால் கொதித்திருக்கும். அரிசியும் பருப்புமாக இருந்தால் ஐந்து நிமிஷம் தளதளவென்று கொதிக்க வேண்டும், கடலைக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். மூடியோடு தூக்கிப் பெட்டிக்குள் வைத்துப் போர்த்திவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவோம். தூக்கி வைப்பது மட்டும் என் வேலை. மூன்று மணிக்கு வந்து திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். புளியை முதலிலேயே ஊற்றினால் பருப்பு வேகாது என்று வந்த பிறகுதான் கரைத்து ஊற்றி ஒரு கொதி விடுவான். சட்டி நிறைய இருக்க வேண்டும், பாதி சட்டி வைத்தால் சூடு நிற்காது என்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் நெஞ்செலும்பும் மிளகும். அரைமணி அடுப்பில் கொதித்துவிட்டுப் பெட்டிக்குப் போனால் மதியம் எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்றிருக்கும். பசியோடு வருகிறவனுக்கு முன்னால் சூடான சோறு காத்திருப்பது என்பது மணிமங்கலம் வீட்டில் எனக்கு நடந்ததில்லை. அந்த ஒரு வருஷம் நடந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை அப்போது கவனிக்கவில்லை.

இனி என் வேலையைச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் மாசத்துக்கு ஒரு யோசனை அட்டை எல்லோரும் எழுதிப் போட வேண்டும். வேலையை எப்படி நன்றாகச் செய்யலாம் என்று நாமே சொல்வது. பெரும்பாலும் விளக்கு மாற்றுங்கள், துடைப்பம் வையுங்கள் என்று எழுதிக் கழித்துவிடுவோம். மச்சானின் இடத்தில் உதிரிப்பாகம் வரும் தொட்டி தரையில் இருக்கும். ஒவ்வொன்றையும் குனிந்து எடுத்து மேஜையில் வைக்க வேண்டும். காலித் தொட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் அதை ஏற்றி வைத்துக்கொண்டான், ஒரு அடி குனிவது மிச்சம். தரையில் மஞ்சள் கோட்டுக்கு வெளியே எதுவும் இருக்கக் கூடாது என்று ஒரு ஆய்வுக்காரர் வந்து எடுக்கச் சொல்லிவிட்டார். அந்த வாரம் அவன் மதியத்தில் சாப்பிடாமலே படுத்தான். எனக்குப் பொறுக்கவில்லை. தொட்டிக்கு ஒரு இரும்பு ஸ்டாண்ட் வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

எழுதும்போது ஒரு ஆசை வந்தது. அந்த மாசம் பரிசு வாங்க வேண்டும் என்ற ஆசைதான், ஒளிப்பானேன். அட்டையில் 'பிரச்சினை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் மனம் உருகும்படி எழுதினேன். இங்கே வேலை செய்கிறவருக்குத் தினமும் முதுகு வலிக்கிறது, காலையில் எழுந்திருக்கவே முடிவதில்லை, வலியோடுதான் குனிகிறார் என்று எழுதினேன். பெயரை எழுதவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன். அட்டையின் மேலேயே லைன் எண், அவன் நின்று வேலை செய்கிற ஸ்டேஷன் எண், ஷிஃப்ட் எல்லாம் என் கையால் நிரப்பியிருந்தேன். அந்த ஷிஃப்டில் அந்த ஸ்டேஷனில் ஒரே ஆள்தான். இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை நல்ல மனசோடுதான் செய்தேன் என்று சொன்னால் யாருக்கு என்ன லாபம்.

முதல் பரிசு எனக்கே வந்தது. ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். என் போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அதே வாரம் மச்சானைத் தனியாகக் கூப்பிட்டு மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில் எல்லாம் தெரிந்துவிட்டது. நிரந்தரம் ஆக இரண்டு மாசம் இருந்தது. பயிற்சிக் காலத்தை இத்தோடு முடித்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகக் கடிதம் கொடுத்தார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம்.

அன்றைக்கு நான் வருவதற்கு முன்பே அவன் அறைக்கு வந்துவிட்டான். பெட்டியைத் திறந்து இரண்டு தட்டில் பருப்புச் சாதம் போட்டு வைத்திருந்தான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவன் நிதானமாகச் சாப்பிட்டான். நான் பெயரைச் சொல்லவே இல்லை மச்சான் என்று ஏதேதோ உளறினேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"பேரு போடலேன்னா ஆளு தெரியாதா மாப்ள? எனக்கு வலிக்கிதுன்னு ஒன்னையத் தவிர யாருக்குடா தெரியும்?"

சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைத்தான். திட்டியிருந்தால் தேவலை. இரண்டாவது நாள் ஒரு பையோடு ஊருக்குப் பஸ் ஏறினான். ஊசிக்கு என்ன செய்யப்போகிறான் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. போன் பண்ணினேன், எடுக்கவில்லை. பொங்கலுக்குச் செய்தி அனுப்பினேன், தீபாவளிக்கு அனுப்பினேன். படித்ததற்கு நீலக் கோடு விழும், பதில் வராது. அப்புறம் அனுப்புவதை விட்டுவிட்டேன். நான் கேட்ட இரும்பு ஸ்டாண்ட் அவன் போன மறுவாரமே வந்துவிட்டது. மஞ்சள் பெயின்ட் அடித்து, நல்ல உறுதியான ஸ்டாண்ட். இன்றைக்கும் அந்த லைனில் யாரும் குனிவதில்லை.

இப்போது நான் அதே லைனில் சூப்பர்வைசர். படப்பையில் தனி வீடு, தனி ஆள். பெண் பார்த்தார்கள், தள்ளிப்போனது, பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள். போன மழைக்காலத்திலிருந்து எனக்கு இடுப்பில் வலி. மச்சானுக்கு வந்தது இல்லை, வேறு ஏதோ தேய்மானம் என்கிறார் நானே வெளியில் தேடிப்போன டாக்டர். ஆனால் இதுவும் போகாதாம். காலையில் பாயை விட்டு எழுவதற்கு முன் ஒரு பக்கமாகத் திரும்பி, கையை ஊன்றி, கொஞ்சம் காத்திருக்க வேண்டும். வருஷாந்திரப் பரிசோதனையில் கம்பெனி டாக்டர் "முதுகு, மூட்டு, வலி ஏதாவது?" என்று தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். நான் நிரந்தரத் தொழிலாளி, என் வேலை போகாது. ஆனாலும் வாயில் அதுதான் வந்தது. நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழுந்து வெளியே வந்தேன். முகத்தில் எதுவும் தெரியாமல் எழுந்திருக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து இதைச் சொல்ல யாராவது வேண்டும்போல் இருந்தது. என் போனில் இருக்கிற நூற்றுக்கணக்கான எண்களில் அப்படி ஒருவரும் இல்லை.

அடுப்பு முன்னால் நிற்க முடியாமல் நானும் அட்டைப்பெட்டி, ஃபோம் என்று இறங்கிவிட்டேன். பருப்பும் சோறும் சரியாக வந்தன. கொண்டைக்கடலை மட்டும் மூன்று முறையும் நறுக்கென்று பல்லில் மாட்டியது. கடலைக்கு எவ்வளவு நேரம் கொதி விடுவான் என்பது எனக்கு நினைவில்லை. அப்போது நான் பாத்திரம்தானே கழுவினேன். எட்டு வருஷம் கழித்து, போன சனிக்கிழமை சாயங்காலம் அவனுக்கு ஒரு வரி தட்டினேன். 'மச்சான், பெட்டில வைக்க கொண்டைக்கடலைய எவ்ளோ நேரம் கொதிக்க விடணும்?' வேறு ஒன்றும் எழுதவில்லை. ஞாயிறு முழுக்கப் பதில் இல்லை. திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது போன் அதிர்ந்தது.

'ஒனக்கு எங்க வலிக்கிது?' என்று கேட்டிருந்தான்.

டாக்டரிடம் சொன்னதையே தட்டினேன், அழித்தேன். பஸ் படப்பையைத் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை. கடைசியில் 'இடுப்புல. காலைல எந்திரிக்க முடியல' என்று உள்ளதை எழுதினேன். உடனே பதில் வந்தது. 'எட்டு மணி நேரம் ஊறணும். இருவது நிமிசம் கொதி. அப்பறம் பெட்டி. சட்டிய நீ தூக்காத, பெட்டிய அடுப்பு ஒசரத்துக்கு வச்சு நகட்டிக்க.' நீ எப்படி இருக்கிறாய், ஊசி போட்டுக்கொண்டாயா, என்ன வேலை பார்க்கிறாய் என்று ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினேன். மூன்றுக்கும் நீலக் கோடு விழுந்தது. இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. அவன் சொன்னபடியே செய்தேன். கடலை பதமாக வெந்திருந்தது.